மரக்கணக்கு எழுதியவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரியோருக்கு வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்துப்போட்டது. என் தோப்பில் போனவை 83 மரங்கள். அரசு அறிவித்தபடி, மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயுமாக, மொத்தம் 91,300 ரூபாய் என் வங்கிக் கணக்கில் வரவாகியிருக்கிறது. அரசாணையிலிருந்து வங்கிப் புத்தகம் வரை அந்தத் தொகையைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கே இம்மடல்.

முதல் நன்றி, எங்கள் கிராம நிர்வாக அலுவலருக்கும் உதவி வேளாண்மை அலுவலருக்கும் உரியது. மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வரப்பைத் தாண்டி அடுத்தவர் தோப்பில் தலைவைத்துக் கிடந்த நிலையில், எது எவருடையது என்பதே பெரும் வழக்காகியிருக்கும். அவர்கள் கொண்டையைப் பார்க்காமல் தூரைப் பார்த்தார்கள். வேர் பெயர்ந்த குழி எவர் நிலத்தில் இருக்கிறதோ மரம் அவருடையது என்று முடிவுசெய்து, எண்ணிய தூரில் சுண்ணாம்புக் குறியிட்டுக்கொண்டே நடந்தார்கள். நின்றபடியே குருத்து திருகிப்போயிருந்த 6 மரங்களை, பிழைத்துக்கொள்ளும் என்ற நப்பாசையில் நான் காட்டாமல் விட்டேன். உதவி வேளாண்மை அலுவலர் அண்ணாந்து பார்த்து, "இது தேறாதுங்க ஐயா, எழுதிடுறேன்" என்றார். அடுத்த மாதமே அவற்றின் மட்டைகள் காய்ந்து தொங்கின.

பட்டா இன்னும் காலஞ்சென்ற என் தந்தையார் பெயரிலேயே இருந்ததால் ஓர் அலுவலகத்தில் மனு இருமுறை திருப்பப்பட்டது. சிட்டா, அடங்கல், வாரிசுச் சான்று என்று எதை எந்த வரிசையில் வைக்க வேண்டுமெனப் பொறுமையாகச் சொல்லித்தந்த கிராம உதவியாளருக்கும், ஒப்புதல் கடிதத்தில் கையொப்பமிடுவதற்காகவே திருப்பூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்துபோன என் தங்கைக்கும் கடன்பட்டிருக்கிறேன். மின்சாரம் திரும்பாத நாட்களில் ஜெனரேட்டர் ஓட்டி எங்கள் விவரங்களைப் பதிவேற்றிய இ-சேவை மையத்துப் பெண்ணுக்கும், பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து சேற்றில் கம்பம் நட்ட மின்வாரியப் பணியாளர்களுக்கும் நன்றி.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மடல் நேர்மையாக இராது. ஒரு மரத்தை அறுத்து, தூரைப் பெயர்த்து, வண்டியேற்ற 500 ரூபாய் போதவில்லை. வாள் இயந்திரத்தோடு வந்து கூலி வாங்காமல் அறுத்துக்கொடுத்த எங்கள் ஊர் இளைஞர்களால்தான் கணக்கு நேரானது. குத்தகைக்காரர் பலருக்குக் காகிதத்தில் பெயரே இல்லை. தம் பெயருக்கு வந்த நிவாரணத்தில் பாதியை எண்ணித் தம் குத்தகைக்காரர் கையில் கொடுத்த எங்கள் தெருப் பெரியவரை, பெயர் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டபடியே, வணங்குகிறேன்.

கணக்கெடுப்பின்போது உடன் நடந்து நான் குறித்துவைத்த நோட்டுப் புத்தகம் என்னிடம் பத்திரமாக உள்ளது. இன்னும் தொகை வராதவர்கள் சர்வே எண்ணைக் கொண்டுவந்தால், குறித்த நாளையும் மர எண்ணிக்கையையும் பார்த்து மனுவில் எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
பட்டுக்கோட்டை வட்டம்.