ஒரு கூரைக்குக் கீழே எத்தனை பேர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கோ ஒரு நாட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை வெடித்தால் நமது பத்திரிகைகளில் நாலு வரி வரும். இத்தனை பேர் பலி, சத்தம் இத்தனை மைலுக்குக் கேட்டது. சரி, அதோடு முடிந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2025 ஒக்டோபர் 10ஆம் திகதி காலை 16 பேர் இறந்த செய்தியும் அப்படித்தான் போனது.

நான் வலிகாமம் வடக்கில் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த காலத்தில் வெடி வைக்கும் ஆட்களோடு நின்றவன். எங்கள் மேற்பார்வையாளர் அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் துளைக்குள் மருந்து இறக்கத் தொடங்கினால் தன்னையும் இன்னொருவரையும் தவிர யாரையும் கிட்ட விடமாட்டார். தேத்தண்ணி வாளியோடு வந்த பெடியனை ஏசிக் கலைத்தது இன்னும் காதில் கேட்கிறது. மருந்தை வெடிக்கத் தூண்டும் டெட்டனேற்றரும் மருந்தும் ஒரே பெட்டியில் வரவே வராது. அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுப்பார். மிஞ்சினால் பின்னேரமே களஞ்சியத்துக்குத் திரும்பிவிடும். குறைந்த ஆட்கள், குறைந்த மருந்து, குறைந்த நேரம் என்பது உலகம் முழுக்க இந்தத் தொழிலின் முதல் விதி என்று பிறகுதான் அறிந்தேன்.

டென்னசியில் வெடித்தது 10,000 கிலோவுக்கு மேல் என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். பொறி எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் தேடட்டும். அவ்வளவு மருந்தோடு அவ்வளவு பேர் ஏன் நின்றார்கள் என்பதுதான் என் கேள்வி.

பொறியை முற்றாகத் தடுக்க முடியாது என்பது பழைய ஆட்களுக்கே தெரியும். 1802இல் அமெரிக்காவின் டெலவெயரில் தொடங்கிய டியூபொன்ட் வெடிமருந்து ஆலையில் அறைகளுக்கு மூன்று பக்கம் தடித்த கல்சுவர். ஆற்றைப் பார்த்த பக்கமும் கூரையும் மட்டும் லேசானவை. வெடித்தால் ஆற்றுப் பக்கம் போகட்டும் என்று அப்படிக் கட்டினார்கள். உள்ளே நின்றவனுக்கு அதனால் பயனில்லைதான். பக்கத்து அறைக்காரன் தப்புவான்.

வெளியே இருப்பவர்கள் கதை வேறு. லண்டன் சில்வர்டவுனில் நெருக்கமான குடியிருப்பு நடுவே ரி.என்.ரி. (TNT) என்ற வெடிமருந்தைச் சுத்திகரிக்க வேண்டாம் என்று ஆலைக்காரர்களே சொன்னார்கள். அரசு கேட்கவில்லை. 1917 ஜனவரி 19இல் 73 பேர் போனார்கள். அவ்வளவு தூரம் ஏன், 2016 ஜூன் 5இல் நமது இலங்கையிலேயே கொஸ்கம சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் வெடித்தபோது சுற்றிவர இருந்த வீடுகளும் கடைகளும் என்னவாயின என்று நாம் பார்த்தோம்.

செல்லடியில் வீடிழந்த உனக்குக் குண்டு செய்கிறவன் மேல் என்ன கரிசனை என்று நண்பர் ஒருவர் கேட்டார். டென்னசியில் வெடித்த கட்டடத்தில் கல்லுடைக்கும் மருந்துதான் செய்தார்கள். நான் கையில் பிடித்த சாமானைச் செய்தவனும் அப்படி ஒருவன்தானே.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் மருந்து எத்தனை கிலோ, உள்ளே எத்தனை பேர், கிட்டிய வீடு எவ்வளவு தூரம் என்பதையும் தேடிப் போடுங்கள். நாலு வரி ஏழு வரியாகும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
பழைய கல்லகழ்வுத் தொழிலாளி ஒருவர்,
தெல்லிப்பழை.