இலவச காமிக்ஸுக்குக் காசு கொடுப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க காமிக்ஸ் கடைகள் வருகிறவர்களுக்கு இதழ்களை இலவசமாகத் தரும் 'இலவச காமிக்ஸ் தினம்' பற்றிய உங்கள் கட்டுரையில், பதிப்பகங்கள் இதழ்களைச் சும்மா அள்ளிக் கொடுப்பதாக வந்திருக்கிறது. அப்படியில்லை. கடைக்காரர் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். பிரதிக்குச் சில பத்து சென்ட்தான், ஆனால் ஆயிரம் பிரதி எடுத்தால் கையைக் கடிக்கும். பார்சல் செலவும் அவர் தலையில்தான். பல வாரம் முன்பே ஆர்டர் கொடுத்தாக வேண்டும். வந்து போனவர் திரும்பவும் கடைக்கு வர வேண்டுமென்றுதான் இதழில் கடை முத்திரை குத்த இடம் விடுகிறார்கள். வழவழ அட்டையில் சாதாரண ஸ்டாம்ப் மை லேசில் காயாது. குத்தியதும் அடுக்கினால் மேல் பிரதியின் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

இப்படியொரு தினம் என்ற யோசனை கலிஃபோர்னியாவின் கான்கார்ட் நகரில் கடை நடத்திய ஜோ ஃபீல்டுடையது. பக்கத்து ஐஸ்கிரீம் கடையில் இலவச ஸ்கூப்புக்கு நின்ற வரிசைதான் பொறி. முதல் தினம் 2002 மே 4, ஸ்பைடர்மேன் படம் வெளியான மறுநாள்.

அன்று வருகிறவர்களுக்கு வரைந்து கொடுக்க ஓவியரை அழைத்து உட்கார வைப்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சொதப்புவது அங்கேதான். ஒரு கதாபாத்திரத்தின் தலை மட்டும் வரைய ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு பேர். வரிசையிலோ அறுபது பேர். ஆகவே கடை திறந்ததும் பத்து டோக்கன் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கையெழுத்து மட்டும் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். டோக்கன் இரண்டு குறைவதற்குக் காரணம், ஓவியரும் தண்ணீர் குடிக்க வேண்டும்!

வரைவதற்கென்றே வெற்று அட்டையோடு வரும் பிரதிகள் உண்டு. அந்த அட்டை பளபளப்பில்லாத மேட் தாளாக இருப்பதால் மையை இழுத்துக்கொள்ளும். பளபள அட்டையில் மார்க்கர் மை மேலேயே நிற்கும், விரல் பட்டால் இழுபடும். மேட் அட்டையில் ஆல்கஹால் மார்க்கர் என்றால் மை முதல் பக்கம் வரை இறங்கும், நடுவில் ஒரு அட்டைத் துண்டைச் செருக வேண்டும். ஈரம் காயுமுன் பிளாஸ்டிக் உறையில் போட்டால் படம் உறையோடு வந்துவிடும்.

கட்டுரையில் அமெரிக்க ஓவியர் எமில் ஃபெரிஸின் 'மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்' என்ற சித்திர நாவல் மைத்தூரிகை ஓவியம் எனப்பட்டிருக்கிறது. அவர் வரைந்தது பெரும்பாலும் பால்பாயின்ட் பேனாவில், கோடு போட்ட நோட்டுப் பக்கம் போன்ற தாளில். பால்பாயின்ட்டில் ஒரே இழுப்பில் அடர்கறுப்பு வராது. கோட்டின் மேல் குறுக்குக் கோடாகப் பல அடுக்கு போட்டுத்தான் இருட்டைக் கொண்டுவர வேண்டும். தவறினால் அழிக்க வழியில்லை. முனையில் திரளும் மை உருண்டையை அடிக்கடி துடைக்காவிட்டால் முகத்தில் கரும்புள்ளி விழும். வெஸ்ட் நைல் வைரஸால் வலது கை செயலிழந்து, வரையவே மறுபடி கற்றுக்கொண்டவர் அவர். அந்த நாவலின் இரண்டாம் பாகம் 2024-ல்தான் வந்தது.

முதல் பாகம் கடைக்காரர்களுக்கு வேறு பாடம். கப்பல் நிறுவனமான ஹன்ஜின் 2016-ல் திவாலாகி, பிரதிகள் ஏறிய கப்பல் பனாமாவில் முடங்கியது. புத்தகம் 2017 பிப்ரவரியில்தான் கடைக்கு வந்தது. புத்தகப் பெட்டி கடைக்குள் வந்து இறங்கிய பிறகே கையெழுத்து நிகழ்ச்சிக்குத் தேதி போடுவது நல்லது.

கையெழுத்து வாங்கும்போதும் பால்பாயின்ட்டை நீட்ட வேண்டாம். அதன் அழுத்தம் அட்டையைத் தாண்டி உள்பக்கங்களில் பள்ளமாகப் பதியும்.

– வாசகர், திருச்சி