தாத்தா சொல்தா என்றால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரை போனவர், அவருடைய பழைய சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்) காகிதம் இருந்தால் போதும், பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிவிடலாம் என்று முன்பணம் கேட்கும் ஏஜெண்டுகளைப் புதுச்சேரியில் இன்னும் பார்க்க முடிகிறது. சரி, பட்டாளத்தில் இருந்தது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பிரெஞ்சு அதிகாரிகள் பார்ப்பது பதக்கத்தை அல்ல. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, இங்கேயே பிறந்து இங்கேயே குடியிருந்தவர் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாரா என்பதைத்தான். கொடுத்திருந்தாலும், அதற்கப்புறம் ஐம்பது வருஷமாகக் குடும்பத்தில் ஒருவரும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், தூதரகப் பதிவு எதுவும் இல்லாமல் இங்கேயே இருந்துவிட்டால், வாரிசு என்று நிரூபிக்கவே சட்டம் விடுவதில்லை. நகையை அடகு வைக்கும் முன் டிரங்குப் பெட்டியில் அப்படி எழுதிக் கொடுத்ததற்கான காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு வாசகர், புதுச்சேரி