குண்டு துளைக்காத ஜாக்கெட் கொடுக்கிற நாளில் அரை நாள் ஒதுக்குங்கள்: குவார்ட்டர் மாஸ்டர்களுக்கும் உஸ்தாத்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஸ்டோரிலிருந்து உடுப்பும் சாமானும் கொடுக்கும் மதிப்புக்குரிய குவார்ட்டர் மாஸ்டர் சாப்களுக்கும் பயிற்சி கொடுக்கும் உஸ்தாத்களுக்கும் வணக்கம்.

இருபத்திரண்டு வருஷம் காலாட்படையில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பீர்கள். பரவாயில்லை, தெரியாத சாபுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழ்ப் பையன் இந்தியில் சொல்லிவிடுவான். விஷயம் பி.பி. ஜாக்கெட், அதாவது நெஞ்சிலும் முதுகிலும் கடினமான பிளேட் வைத்த குண்டு துளைக்காத ஜாக்கெட். இப்போதைய பையன்கள் பிளேட் கேரியர் என்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு, அதன்மேல் பிட்டூ என்கிற முதுகுப் பையையும் ஏற்றிக்கொண்டு, ஒருவன் பத்து மணி நேரம் நடந்த பிறகும் துப்பாக்கியை ஒழுங்காகத் தூக்க முடிகிறதா? என் கேள்வி அவ்வளவுதான்.

எனக்கு முதல் ஜாக்கெட் கிடைத்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஸ்டோர் ஜன்னல் முன்னால் நீள வரிசை. கையெழுத்துப் போடு, எடு, நகரு. பூட்ஸுக்கு நம்பர் கேட்டார்கள், பட்கா என்கிற குண்டு தாங்கும் தலைக்கவசத்தைத் தலையில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஜாக்கெட்டுக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் ஐந்தடி ஐந்தங்குலம், 58 கிலோ. கைக்கு வந்தது லார்ஜ். உட்கார்ந்தால் கீழ் விளிம்பு தொடையில் முட்டி, மேல் விளிம்பு தாடையைத் தூக்கும். குப்புறப் படுத்தால் முதுகுப் பிளேட் பட்காவை முன்னால் தள்ளி, பட்கா கண்ணை மறைக்கும். மாற்றிக் கேட்டதற்கு, "எல்லோருக்கும் இதுதான், பழகிவிடும்" என்றார்கள். பழகவும் செய்தது. நொண்டிக்கு நொண்டி நடை பழகுகிற மாதிரி.

அப்புறம் காஷ்மீரில் ஒரு போஸ்ட். விடியற்காலை ரோடு ஓப்பனிங்குக்கு, அதாவது ராணுவ வண்டிகள் வருமுன் சாலையைச் சோதித்துக் காவல் நிற்க, கிளம்பினால், கான்வாய் போய் முடியும் வரை உடம்பிலிருந்து எதையும் கழற்ற முடியாது. ஜாக்கெட் ஏறக்குறைய பத்து கிலோ. ஏகே மேகசின் முப்பது தோட்டா நிறைத்தால் 800 கிராமுக்கு மேல் வரும், நாலு மேகசின் என்றால் மூன்று கிலோ தாண்டிவிடும். தண்ணீர் இரண்டு கிலோ. ரேடியோ, பேட்டரி, கிரனேட், கட்டுத்துணி. ராத்திரி தங்கவேண்டிய நாளில் பிட்டூ வேறு. ஒரு நாள் இறங்கி வரும்போது மேகசினை உருவக் கையை வைத்தேன், இடது கை விரல்கள் மடங்கவில்லை. வலியும் இல்லை, வேறு யாருடைய கையோ ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. தோளிலிருந்து கைக்கு இறங்குகிற நரம்புக் கற்றை வாருக்கு அடியில் நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர் சாப். மூன்று வாரம் லைட் டியூட்டி.

திரும்பி வந்தபோது ஒரு சீனியர் நாயக், உத்தராகண்டின் கடுவால் மலைப்பகுதிக்காரர், என்னை ஜாக்கெட்டோடு நிற்கவைத்துச் சுற்றி வந்து பார்த்தார். ஆள்காட்டி விரலை என் தொண்டைக்குழியில் வைத்தார். இரண்டு காறை எலும்பும் சேருகிற அந்தப் பள்ளத்தில். விரலை அப்படியே கீழே இழுத்தார். பிளேட்டின் மேல் விளிம்பு தட்டுப்பட நாலு விரல்கடை ஆனது. "மதராசி, இதை வயிற்றுக்கா மாட்டியிருக்கிறாய்? வயிறா உன்னை உயிரோடு வைத்திருக்கிறது?" என்று கேட்டார். எல்லா வாரையும் தளர்த்தி, முதலில் இருந்து கட்டிவிட்டார். இருபது நிமிஷம்தான். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை கை மரத்ததே இல்லை.

அந்த இருபது நிமிஷத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், உஸ்தாத்களுக்குத் தெரியாததல்ல. பிளேட்டின் மேல் விளிம்பு தொண்டைக்குழிக்கு நேராக நிற்க வேண்டும். அகலம் மார்க்காம்பிலிருந்து மார்க்காம்பு வரை. கீழ் விளிம்பு தொப்புளுக்குச் சில விரல்கடை மேலேயே முடிந்துவிடும். முதல் தடவை பார்க்கிறவனுக்கு வயிறு திறந்து கிடப்பதாகப் பயம் வரும். ஆனால் பிளேட் காக்கவேண்டியது இதயத்தையும் அதிலிருந்து கிளம்பும் பெரிய குழாய்களையும் நுரையீரலையும். அது நாலு விரல்கடை இறங்கினால் அந்தப் பெரிய குழாய்களில் பாதி வெளியே நிற்கும். முதுகுப் பிளேட்டும் முன் பிளேட்டும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். முன்னால் சரியாக மாட்டிவிட்டுப் பின்னால் தொங்கவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தப்பு, தனக்குத்தானே முதுகைப் பார்க்க முடியாதே. அதனால்தான் கூட ஒரு ஆள் வேண்டும் என்கிறேன், இல்லாவிட்டால் ஒரு ஆளுயரக் கண்ணாடி.

அளவும் முக்கியம். சட்டை அளவு வேறு, பிளேட் அளவு வேறு. தொப்பை வைத்தவனுக்குப் பெரிய பிளேட் என்று கிடையாது, நெஞ்சின் அகலமும் நெஞ்சுக்கூட்டின் உயரமும்தான் கணக்கு. அமெரிக்கப் படையில் பிளேட் ஐந்து அளவில் வருகிறது. அவர்களுடைய மீடியம் ஏறக்குறைய 24க்கு 32 சென்டிமீட்டர், மிகப் பெரியது 28க்கு 35. இரண்டுக்கும் நடுவே அகலத்தில் நாலு விரல்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த மூன்று நாலு சென்டிமீட்டரில்தான் துப்பாக்கிக் கட்டை தோளில் உட்காருமா, வழுக்குமா என்பது தீர்மானமாகும்.

உயரம் சரியானதும் இடுப்பு வார். பையன்கள் இதைத் தளர்த்தியே வைப்பார்கள், மூச்சு முட்டுகிறதாம். தளர்ந்தால் மொத்தப் பாரமும் தோளில் தொங்கும், ஓடும்போது பிளேட் நெஞ்சில் மத்தளம் கொட்டும். பாதி மூச்சை உள்ளே வைத்துக்கொண்டு இழுத்துக் கட்டவேண்டும். பிறகு முழு மூச்சு இழுத்துப் பார்த்தால் நெஞ்சு விரியவேண்டும், ஆனால் ஜாக்கெட் உடம்போடு சேர்ந்தே அசையவேண்டும். விலாவைப் பிடித்து நிற்கிற ஜாக்கெட் தோள் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். குளிர்காலத்தில் கனத்த உடுப்புக்கு மேலே வாரை இதே அளவில் கட்டமுடியாது. அதனால் கோடைக்கு ஒரு குறி, குளிருக்கு ஒரு குறி என்று வாரில் நூலால் தைத்து வைத்திருந்தேன். இருட்டில் தடவிப் பார்த்தே கட்டிக்கொள்ளலாம்.

பாரம் அதிகமாகும்போதுதான் உண்மையான தலைவலி. எங்கள் ஊரில் விறகுக் கட்டைத் தலையில் ஏற்றுவதற்கு முன்னால் சும்மாடு கூட்டாத பெண் கிடையாது. தோளுக்கு அந்தச் சும்மாடு வேண்டும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஜாக்கெட்டின் தோள் வாரும் பிட்டூவின் தோள் வாரும் ஒரே இடத்தில் விழும். இரண்டிலும் கனத்த மெத்தை வைத்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, விளிம்பில் போய் நரம்பை அழுத்தும். ஜாக்கெட்டில் அகலமான மெல்லிய மெத்தை, பிட்டூவில் கனத்தது, இதுதான் எனக்குச் சரிப்பட்டது. பிட்டூவின் இடுப்புப் பட்டை கண்டிப்பாக இடுப்பெலும்பின் மேல் உட்காரவேண்டும். குடத்தை இடுப்பில் வைப்பவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, எலும்பு சுமந்தால் சதை நோகாது. ஜாக்கெட் தொங்கிக் கிடந்தால் அந்தப் பட்டைக்கு இடமே இருக்காது, அது பிளேட்டின் மேல் சும்மா சுற்றிக்கொண்டு நிற்கும். என் கை மரத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று பிற்பாடு புரிந்தது. அதற்காக இடுப்புப் பட்டையை வெறி பிடித்த மாதிரி இறுக்கினாலும் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகும், அங்கேயும் ஒரு நரம்பு ஓடுகிறது.

பிட்டூவுக்குள் கனமான சாமான் முதுகுப் பிளேட்டை ஒட்டி இருக்கட்டும், தூங்கும் பை வெளியே போகட்டும். முதுகுப் பிளேட் ஏற்கெனவே பிட்டூவை வெளிப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறது, அதற்கு மேல் பேட்டரியைக் கடைசிப் பையில் போட்டால் ஆள் பின்னால் சாய்வான். காவடி எடுத்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் கனத்தால் எவ்வளவு பலசாலியும் தள்ளாடுவான். முன்பக்கம் மேகசின் ஒரே அடுக்காக, மூன்று போதும். இரண்டடுக்கு வைத்தால் குப்புறப் படுக்கும்போது உடம்பு எழும்பி நிற்கும், எதிரிக்குத் தலை தெரியும். மற்ற மேகசின்கள் பக்கவாட்டில் போகட்டும், கை வீச்சில் தட்டாத இடமாகப் பார்த்து.

இங்கே கமாண்டர் சாப்களிடமும் ஒரு வார்த்தை. எல்லார் ஜாக்கெட்டிலும் பைகள் ஒரே இடத்தில் இருக்கவேண்டும், வரிசையில் நின்றால் அழகு என்று சிலர் நினைக்கிறீர்கள். கட்டுத்துணியும் ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டையும் ஒரே இடத்தில் இருக்கட்டும், அது நியாயம். அடிபட்டவனிடம் இன்னொருவன் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவேண்டும். அந்தப் பட்டை இரண்டு கையாலும் எட்டுகிற இடத்தில் இருக்கவேண்டும், எந்தக் கை போகும் என்று யாருக்குத் தெரியும். மற்றதை அவனவன் கைக்கு விடுங்கள். என் செக்‌ஷனில் இடதுகைப் பழக்கமுள்ள பையன் ஒருவன் இருந்தான். அணிவகுப்பு அழகுக்காக ஒரு வருஷம் மேகசினைத் தப்பான பக்கத்தில் சுமந்தான்.

மேலே இருக்கிறவர்கள் எடையைக் குறைக்கப் பாடுபடுவதை மறுக்கவில்லை. 2018 ஏப்ரலில் 1,86,138 ஜாக்கெட்டுகளுக்கு 639 கோடி ரூபாயில் ஒப்பந்தம் போட்டார்கள். அதே வருஷம் இந்திய தர நிர்ணய அமைவனம் குண்டு துளைக்காத ஜாக்கெட்டுகளுக்கென்றே ஐ.எஸ். 17051 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து செய்த அபேத் ஜாக்கெட் வந்தது, தர நிலையைப் பொறுத்துக் குறைந்தபட்சம் 8.2 கிலோ, 9.5 கிலோ என்றார்கள். சந்தோஷம். ஆனால் தப்பான உயரத்தில் தொங்குகிற எட்டு கிலோ, சரியாகக் கட்டிய பத்து கிலோவைவிட அதிகமாக நோகும். இரண்டையும் சுமந்த உடம்பு சொல்கிறது. அதோடு, ஜாக்கெட்டில் ஒரு கிலோ குறைந்தால் அந்த இடத்தில் இன்னொரு பேட்டரியை ஏற்றிவிடுவீர்கள், அதுவும் தெரியும். அமெரிக்கர்களின் பழைய கையேட்டில் ஒருவன் சுமக்கிற பாரத்துக்குச் சண்டைக்கு 48 பவுண்டு, நடைக்கு 72 பவுண்டு என்று வரம்பு போட்டிருந்தார்கள். நம் கணக்கில் சுமார் 22 கிலோ, 33 கிலோ. அந்த வரம்பை அவர்களே மதித்ததில்லை என்பது வேறு கதை.

வெயிலையும் கணக்கில் வையுங்கள். புழுக்கமான இடத்தில் ஜாக்கெட் போட்டால், வெப்ப அளவோடு ஏறக்குறைய மூன்று டிகிரி செல்சியஸைக் கூட்டிக்கொண்டு ஓய்வையும் தண்ணீரையும் முடிவு செய்யச் சொல்கிறது அமெரிக்க ராணுவ மருத்துவ வழிகாட்டி. சத்தீஸ்கர் காட்டில் நடக்கிற சி.ஆர்.பி.எஃப். பையனுக்கு அந்த மூன்று டிகிரி விளையாட்டல்ல. உள்பக்கம் காற்றுப் போகிற வலை மெத்தை வைத்த ஜாக்கெட் என்றால் அதைப் பிய்த்து எறியவிடாதீர்கள். உள்ளே போடும் பனியன் மடிப்பில்லாமல் இருக்கட்டும், ஒரு மடிப்பு போதும், மாலைக்குள் தோல் உரிந்துவிடும்.

பெண்களைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது, சுமந்தவர்கள் பேசவேண்டும். சி.ஆர்.பி.எஃப்.பில் பெண்கள் பட்டாலியன் 1986இலேயே வந்துவிட்டது. ஆண்களின் நெஞ்சுக்கு வெட்டிய ஜாக்கெட்டில் அளவை மட்டும் சிறிதாக்கிக் கொடுத்தால் போதாது. அமெரிக்கத் தரைப்படை 2012இல் பெண்களுக்கென்றே வேறு வடிவத்தில் தைத்துச் சோதித்துப் பார்த்தது.

சரி, கேட்பது இதுதான். ஜாக்கெட் கொடுக்கிற நாளில் அரை நாள் ஒதுக்குங்கள். பூட்ஸ் நம்பருக்குப் பக்கத்தில் நெஞ்சளவையும் எழுதிவையுங்கள். பத்துப் பேரை ஒரு உஸ்தாத்திடம் விட்டு, தொண்டைக்குழியில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் முழுப் பாரத்தையும் ஏற்றி ஒரு கிலோமீட்டர் நடக்கவிடுங்கள், நூறு மீட்டர் ஓடவிடுங்கள், படுத்து எழுந்திருக்கவிடுங்கள். திரும்பி வந்து "சாப், இது எனக்குச் சேரவில்லை" என்று சொல்கிறவனை அதட்டாமல் மாற்றிக் கொடுங்கள். ஸ்டோரில் மீடியம் தீர்ந்துபோயிருந்தால், எந்த பிளட்டூனில் லார்ஜ் ஆள் மீடியத்தில் திணறிக்கொண்டிருக்கிறான் என்று பாருங்கள். எப்படியும் ஒருவன் இருப்பான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவன்,
வேலூர் மாவட்டம்.

பின்குறிப்பு: ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உறையைத் துவைக்கும்போது பிளேட்டை வெளியே எடுத்துவிட்டுத் துவைக்கச் சொல்லுங்கள். எடுத்ததைக் கட்டில்மேல் வீசவும் விடாதீர்கள், உள்ளே இருப்பது செராமிக். விழுந்த இடத்தில் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே விரிசல் விட்டிருக்கும். எங்கள் பாரக்கில் ஒருவன் ஆறு மாதம் அதைத் தலைமாட்டில் தலையணைக்கு முட்டுக்கொடுத்துத் தூங்கினான். அவன் பெயரைச் சொல்லமாட்டேன், இன்னும் சர்வீஸில் இருக்கிறான்.