2024-25 ஆண்டறிக்கை: ஓனர், டெனன்ட், பாஸ்போர்ட் விவகாரம்

சங்க உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். லிப்ட் ஏஎம்சி, மோட்டார் ரிப்பேர், தண்ணி லாரி செலவு எல்லாம் பொருளாளர் சார் கணக்கு போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காரு, அதை நான் திரும்ப படிக்கல. சம்ப் கிளீன் பண்ணியாச்சு, கேட் பக்கத்து சிசிடிவி மட்டும் இன்னும் இழுத்துக்கிட்டே இருக்கு.

இந்த வருஷம் என்னைத் தேடி வந்தவங்கள்ல பாதி பேர் தண்ணி, பார்க்கிங் பத்தி கேக்கல, வெளிநாட்டுல இருக்கிற ஓனர், வெளிநாட்டு டெனன்ட் இந்த விவகாரம்தான் கேட்டாங்க. வேளச்சேரியில எந்த பிளாக் எடுத்தாலும் ரெண்டு மூணு வீட்டுக்காரங்க துபாய், சிங்கப்பூர், அமெரிக்கான்னு இருக்கிறப்போ கேக்கத்தான் செய்வாங்க. ஆடிட்டர் ஒருத்தரை ஜெனரல் பாடிக்கு கூப்பிட்டோம், அவர் சொன்னதுல முக்கியமானதை எழுதுறேன்.

முதல்ல பாஸ்போர்ட் வேற, வசிக்கிற இடம் வேற. வாடகையில வரி பிடிக்கிறதுக்கு ஓனர் எந்த நாட்டு குடிமகன்னு பாக்க மாட்டாங்க, ஏப்ரல்ல இருந்து மார்ச்சுக்குள்ள இந்தியாவுல எத்தனை நாள் இருந்தார்னுதான் பாப்பாங்க, 182 நாள் இருந்துட்டா அவர் ரெசிடென்ட், அதாவது இங்க வசிக்கிறவர். அதனால அமெரிக்க பாஸ்போர்ட் வச்சுக்கிட்டு வருஷம் பூரா இங்கயே இருக்கிற நம்ம மாடி வீட்டு மாமா ரெசிடென்ட், இந்திய பாஸ்போர்ட்டோட துபாய்ல வேலை பாக்கிற தம்பி என்ஆர்ஐ. ரெசிடென்ட் ஓனருக்கு மாச வாடகை 50,000 தாண்டினாதான் டெனன்ட் டிடிஎஸ் (குடுக்கும்போதே பிடிச்சு அரசாங்கத்துக்கு கட்டுற வரி) பிடிக்கணும், அதுவும் 5 சதவீதமா இருந்தது 2024 அக்டோபர்ல இருந்து 2 சதவீதம் ஆயிடுச்சு. என்ஆர்ஐ ஓனர்னா 20,000 ரூபா வாடகைக்கும் செஸ்ஸோட (வரி மேல போடுற கூடுதல் வரி) 31.2 சதவீதம் பிடிச்சு கட்டணும், அதுக்கு டெனன்ட் டான் நம்பர் (வரி பிடிக்கிறவங்களுக்கான நம்பர்) வேற எடுக்கணும். பிடிக்காம விட்டா நோட்டீஸ் வர்றது டெனன்டுக்குத்தான். பி பிளாக் டெனன்ட் பொண்ணு இதைக் கேட்டதும் "ஓனர் அம்மா அதெல்லாம் வேண்டாம் முழுசா ஜிபே பண்ணுன்னு சொன்னாங்களே சார்"னு திகைச்சுப்போச்சு. ஓனருங்க தயவுசெஞ்சு அக்ரிமென்ட்லயே நான் என்ஆர்ஐன்னு எழுதுங்க, வாடகையை என்ஆர்ஓ அக்கவுன்ட்ல (என்ஆர்ஐங்க இந்திய வருமானத்துக்கு வச்சுக்கிற பேங்க் அக்கவுன்ட்) வாங்குங்க, ஊர்ல இருந்தப்போ வச்சிருந்த பழைய சேவிங்ஸ் அக்கவுன்டை அப்படியே ஓட்டக்கூடாது.

வித்துட்டுப் போறவங்க விஷயம் இன்னும் பெருசு. இந்த வருஷம் ஒரு ரீசேல் நின்னுபோச்சு, வாங்க வந்தவர் வழக்கம்போல விலையில 1 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சா போதும்னு நினைச்சிருந்தாரு, ஓனர் என்ஆர்ஐன்னு கடைசி நேரத்துலதான் தெரிஞ்சது. ரெண்டு வருஷத்துக்கு மேல கையில இருந்த வீடுன்னா விலையில 12.5 சதவீதம் பிடிக்கணும், 50 லட்சம் தாண்டினா சர்சார்ஜ்ங்கிற கூடுதல் வரியும் செஸ்ஸும் சேத்து 14.3, அதாவது 80 லட்சத்துக்கு பதினொரு லட்சத்துக்கு மேல. லாபத்துக்குத்தானே வரின்னு ஓனர் சண்டை போட்டார், நியாயம்தான், ஆனா அதுக்கு வருமான வரி ஆபீஸ்ல முன்கூட்டியே குறைஞ்ச டிடிஎஸ் சர்டிபிகேட் வாங்கணும், அட்வான்ஸ் வாங்கின பிறகு ஓடினா லேட்டு. பவர் குடுத்து விக்கிறவங்க, வெளிநாட்டுல கையெழுத்து போட்ட பவர் பத்திரம் இந்தியா வந்து மூணு மாசத்துக்குள்ள இங்க ஸ்டாம்ப் டியூட்டி கட்டிடுங்க.

வாங்குற விஷயத்துலதான் குடியுரிமை நேரா வருது. ஓசிஐ கார்டு (வெளிநாட்டு குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு அரசாங்கம் குடுக்கிறது) இருந்தா வீடு, கடை எத்தனை வேணா வாங்கலாம், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மட்டும் கூடாது, பரம்பரையா வந்தா வச்சுக்கலாம். சிங்கப்பூர்க்காரரா மாறின நம்ம உறுப்பினர் ஒருத்தர் மதுராந்தகம் பக்கம் ரெண்டு ஏக்கர் பாத்துட்டு வந்து நின்னாரு, புரோக்கர் எதையும் சொல்லல.

இன்னொருத்தர் யாழ்ப்பாணத்துல பிறந்து கனடா குடிமகனா இருக்கிறவர், வருஷா வருஷம் டிசம்பர் கச்சேரிக்கு வந்து நம்ம பிளாக்ல தங்குறவர், இங்க ஒரு பிளாட் வாங்கணும்னு ஆசை. அவருக்கு இந்திய வம்சாவளின்னு காட்ட எதுவும் இல்ல, ஓசிஐ கிடையாது, டூரிஸ்ட் விசாவுல வந்து போற வெளிநாட்டுக்காரர் சொத்து வாங்க முடியாது. தமிழ் பேசறவரை தடுக்குறது எனக்கே சங்கடமாதான் இருந்துச்சு. நண்பர் பேர்ல வாங்கிடலாமான்னு கேட்டாரு, அது பினாமி சட்டத்துல வந்துடும், ஒண்ணுல இருந்து ஏழு வருஷம் ஜெயில், சொத்தும் போயிடும், வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டோம். அஞ்சு வருஷத்துக்கு மேல போகாத லீஸ் எடுத்துக்கலாம், அதுக்கு ரிசர்வ் பேங்க் பர்மிஷன் தேவையில்ல, இப்போ அதைத்தான் பேசிக்கிட்டு இருக்கார்.

வெளிநாட்டு டெனன்ட் வைக்கிறவங்க, கொரியா பேமிலி மாதிரி, அவங்க வந்து 24 மணி நேரத்துக்குள்ள எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டுக்காரங்க பதிவு ஆபீஸ்) வெப்சைட்டுல அவங்க தங்கியிருக்கிற விவர பார்ம் (சி பார்ம்னு சொல்லுவாங்க) போடணும், அது ஓனர் பொறுப்பு, சங்கமோ வாட்ச்மேனோ போட மாட்டாங்க. நம்ம ஊர் டெனன்டோ வெளியூர் டெனன்டோ 2019ல இருந்து தமிழ்நாட்டு வாடகை சட்டப்படி அக்ரிமென்டை எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். மூணு மாச அட்வான்ஸ்தான் சட்டம்னு டெனன்டுங்க சண்டைக்கு வராதீங்க, வேற மாதிரி ஒப்புக்கிட்டா கூடுதலா வாங்கலாம்னு அதே சட்டத்துல இருக்கு, எனக்கு அது பிடிக்கலங்கிறது வேற விஷயம்.

ஓனர் விவர பார்ம்ல "எங்க வசிக்கிறீங்க", "எந்த நாட்டு பாஸ்போர்ட்"னு ரெண்டு கட்டம் புதுசா சேத்திருக்கோம். இன்னும் குடுக்காதவங்க மாசக் கடைசிக்குள்ள செக்யூரிட்டி டேபிள்ல குடுத்துடுங்க, வெளிநாட்டுல இருக்கிறவங்க வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினா போதும்.

இப்படிக்கு,
செயலாளர்