மேல்மாடி வகுப்பறையின் புழுக்கம்

தருமபுரி

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். செந்தூரா மாம்பழப் பெட்டியை அனுப்பியிருக்கிறேன், உன் மைத்துனர் கண்ணில் படுமுன் பிரித்துவிடு.

வறண்ட ஊரில் இருப்பவன் புழுக்கத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று கடிந்துகொண்டிருந்தாய். சென்னைக் காற்றின் ஈரத்தில் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழிவதால் 33 டிகிரிகூட அங்கே கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் காற்றின் வறட்சி வகுப்பறை வாசலோடு நின்றுவிடுகிறது. புரொஜெக்டருக்காகச் சன்னல்களை அடைத்து 60 பேரை உள்ளே அமர்த்தினால், உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளிப்படும் கணக்கில், 6 கிலோவாட் அடுப்பு ஒன்று அங்கே எரிகிறது. மூச்சும் வியர்வையும் சேர, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் வகுப்பிலேயே உன் சென்னை இங்கே வந்துவிடுகிறது.

இதை எழுதக் காரணம், எங்கள் கல்லூரியின் மேல்மாடி அரங்குக்கு ஏசி பொருத்தும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். 22 டிகிரியா 24 டிகிரியா என்பதிலேயே கூட்டம் முடிந்துவிட்டது. நமக்குப் பாடமெடுத்த விசிறி வாத்தியார் இருந்திருந்தால் நடந்திருக்குமா, சொல்!

டென்மார்க் ஆய்வாளர் ஃபாங்கர் 1970இலேயே வெப்ப உணர்வை ஆறு காரணிகளாகப் பிரித்துக் காட்டினார்: காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றோட்டம், சுவர், கூரை போன்ற சுற்றுப்பரப்புகளின் வெப்பக் கதிர்வீச்சு, உடை, உடலுழைப்பு. எங்கள் குழு முதலாவதைத் தாண்டவில்லை. காலையிலிருந்து வெயில் குடித்த கான்கிரீட் தளம் பிற்பகல் முழுவதும் தலைமேல் கனலும்போது, காற்றை மட்டும் குளிர்வித்து என்ன பயன்? மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்து, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, மின்விசிறிகளைக் கூட்டினால் போதும் என்றேன். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று மேலே பட்டாலே ஏறத்தாழ 3 டிகிரி குறைந்தது போலிருக்கும். சுடிதாருக்கு மேல் மாணவிகள் அணியும் ஓவர்கோட்டைக் கோடையிலாவது விலக்கலாம் என்றதற்குத்தான் முறைத்தார்கள். கற்பிப்பது வெப்ப இயக்கவியல், கட்டாயப்படுத்துவது ஓவர்கோட்!

அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தார் உன் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஆய்ந்து, இயற்கைக் காற்றோட்டத்தில் பழகிய நம் மக்கள் கூடுதல் வெப்பத்தையும் இதமாகவே ஏற்கிறார்கள் என்று 2014இல் காட்டியதையும் அடுத்த கூட்டத்தில் வைக்கப் போகிறேன். என் பேச்சு மட்டும் எடுபடாது. ஆகவே உங்கள் அரங்கில் பிற்பகல் வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் உலர் குமிழ் (சாதாரண வெப்பமானி), ஈரக்குமிழ் (குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி) அளவுகளை எடுத்து, விசிறி ஓடியதா, சன்னல் திறந்திருந்ததா என்பதோடு எழுதியனுப்பு. ஆடி பிறந்ததும் கூட்டம். அதற்குள் கிடைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்