நாடகத்துக்குச் சிரித்த சிரிப்பும், சுற்றிவந்த அந்தக் காணொளியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் கூடவே வந்திருந்த தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

போன வெள்ளி, சனி இரண்டு இரவும் நம் பிள்ளைகளின் நகைச்சுவை இசை நாடகத்துக்கு வந்து மண்டபத்தை நிறைத்தீர்கள். நாற்காலி போதாமல் சிற்றுண்டிச்சாலை பெஞ்சுகளைத் தூக்கிவந்து போட்டோம், அதுவும் பத்தாமல் வாசலில் நின்றே பார்த்தார்கள் பலர். மனதார நன்றி. வருகிற சனிக்கிழமை மூன்றாவது முறையாக மேடையேற்றுகிறோம். அதற்குள் உங்களிடம் சில விஷயம் பேச வேண்டும். அதில் ஒன்று மனசைக் கஷ்டப்படுத்துகிற விஷயம், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

வராதவர்களுக்காகக் கதை: நம் பினாங்கின் லெபோ பாசார் தெருவில் ஒரு மளிகைக் கடை, முதலாளியின் கடன் நோட்டை ஆடு தின்றுவிடுகிறது, தெருவே கொண்டாடுகிறது, அப்புறம் ஒவ்வொருவராகத் தன் கடனைத் தானே வந்து சொல்கிறார்கள். எட்டுப் பாட்டு, எல்லாம் நம் ஆசிரியர்கள் கும்மி மெட்டிலும் தெம்மாங்கு மெட்டிலும் எழுதியவை.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு ஒரு குழப்பம். நீங்கள் எங்கே சிரிப்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, ஒத்திகையில் யாரும் சிரிக்கவில்லையே, அதனால் மண்டபம் அதிரும்போதும் அவர்கள் பாட்டுக்கு வசனத்தைச் சொல்லிக்கொண்டே போனார்கள், பாதி உங்கள் காதில் விழவே இல்லை. அன்றிரவு ஆசிரியர்கள் உட்கார்ந்து, சிரிப்பு வந்த இடமெல்லாம் வசனத் தாளில் பென்சிலால் கோடு போட்டார்கள். சிரிப்பு ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு இறங்கும். இறங்க ஆரம்பிக்கும் அந்த நொடியில் அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும், முழுசாக அடங்கட்டும் என்று காத்திருந்தால் காட்சி படுத்துவிடும். சனிக்கிழமை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மாதக்கணக்கில் நாங்கள் சொல்லிக்கொடுக்க முடியாததை நீங்கள் ஒரே இரவில் சொல்லிக்கொடுத்தீர்கள்.

முதலாளியாக நடித்த மாணவியின் மீசை கழன்று விழுந்ததே, அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஒரு நொடி திகைத்தாள், குனிந்து எடுத்தாள், ஆட்டின் முகத்தில் ஒட்டிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தாள். பின்வரிசையிலிருந்து "ஒன்ஸ் மோர்!" என்று ஒரு குரல். பழைய தமிழ் நாடக மேடையில் கேட்ட குரல் அது. மேடையில் செத்து விழுந்தவர்கூட ரசிகர் கேட்டால் எழுந்து மறுபடி பாடிவிட்டுத்தான் சாவார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தமே தெரியவில்லை, திரைக்குப் பின்னால் வந்து "டீச்சர், ஏதாவது தப்பா?" என்று கேட்டார்கள். பாராட்டு என்று சொன்னதும் அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு தகப்பனார், கிழவி வேடம் போட்ட பையனைப் பற்றி, ஆண் பிள்ளைக்குச் சேலை கட்டலாமா என்று கேட்டார். ஐயா, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய குழுவில் நடித்தவர்கள் சிறுவர்கள்தான், பெண் வேடமும் அவர்களே கட்டினார்கள். தமிழ் நாடகம் அப்படித்தான் வளர்ந்தது. உங்கள் கேள்வி எனக்குப் புரிகிறது, ஆனால் வேடத்தை மாற்றப் போவதில்லை. பையன் அவ்வளவு நன்றாகச் செய்கிறான்.

பாடத்தை விட்டுவிட்டு இந்தக் கூத்தெல்லாம் தேவையா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். பினாங்கில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது, அது நமக்குப் பெருமை. 1885-இல் இதே ஊரில்தான் மாமாக் பூஷி, இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகங்களின் வழியில், பங்சவான் என்ற மலாய் இசை நாடகக் குழுவை ஆரம்பித்தார், அதுவும் நமக்குப் பெருமைதான். பங்சவானில் திரைக்குப் பின்னால் காட்சி மாற்றும் நேரத்தில் திரைக்கு முன்னால் ஒரு பாட்டு, ஒரு கோமாளி என்று ஓட்டுவார்கள், எக்ஸ்ட்ரா டர்ன் என்று பேர். போரியா என்ற இந்த ஊர்க் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் சிரிப்பு நாடகம், அப்புறம் ஒருவர் பாடக் கூட்டம் பதில் பாடும். சிரித்துப் பாடி நடிப்பது இந்தத் தீவின் பழக்கம். நம் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு வேண்டும்.

இன்னொரு கடிதம் என்னை யோசிக்க வைத்தது. காது கேட்காத தாத்தா வரும் காட்சியில் எல்லாரும் சிரித்தபோது, காதுக் கருவி மாட்டியிருக்கும் தன் அப்பா பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார் என்று ஒரு தாயார் எழுதியிருந்தார். படித்த அன்றே ஆசிரியர்களைக் கூப்பிட்டுப் பேசினேன். இப்போது காட்சியை மாற்றிவிட்டோம்: தாத்தாவுக்கு எல்லாம் நன்றாகவே கேட்கிறது, கடன் பேச்சு வந்தால் மட்டும் கேட்காத மாதிரி நடிக்கிறார். முன்பைவிட அதிகமாகச் சிரிப்பு வருகிறது. அந்த அம்மாவுக்கு நன்றி, அப்பாவை மறுபடி அழைத்து வாருங்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

சனிக்கிழமை ஐந்தாவது பாட்டில், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் இரண்டாவது அடியை மறந்துவிட்டான். ஆர்மோனியம் அந்த வரியை மூன்று முறை திருப்பி வாசித்தது. அவன் கை கால்சட்டைப் பையைப் பிசைந்துகொண்டே இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்பு, அப்புறம் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லி ஒரு கூச்சல், அப்புறம் பல சிரிப்பு. ஆட்டுக்கு மீசை ஒட்டியபோது சிரித்ததும் நாம்தான், ஆனால் அது கதைக்கு வந்த சிரிப்பு, அந்தப் பிள்ளையும் நம்மோடு சேர்ந்து சிரித்தாள். இது தனியாக நின்ற ஒரு பத்து வயதுப் பையன் மேல் விழுந்தது. ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மனிதர் தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும், நம்மில் பலர் கெட்ட எண்ணமே இல்லாமல் சிரித்திருப்போம், அதை நான் நம்புகிறேன்.

அது மண்டபத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த அரை நிமிடத்தை யாரோ படம் பிடித்து, அழுது சிரிக்கும் முகங்களைப் போட்டுப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பகிர்ந்திருக்கிறார்கள், ஞாயிறு மதியத்துக்குள் வேறு பள்ளிப் பிள்ளைகள்கூடப் பார்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வரவில்லை. யார் எடுத்தது என்று நான் தேடப் போவதில்லை. உங்கள் கைப்பேசியில் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள், வேறு குழுவுக்கு அனுப்பியிருந்தால் அங்கேயும் அழிக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை நாடகத்தின்போது யாரும் படம் பிடிக்க வேண்டாம். முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் வேடத்தோடு மேடையில் நிற்பார்கள், அப்போது எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று அவன் எப்படி மீண்டான் என்பதையும் சொல்கிறேன். மூன்றாவது வரிசையில் நீலச் சேலை கட்டிய ஒரு பாட்டி, யாரையும் பார்க்காமல், தொடையில் தாளம் போட ஆரம்பித்தார், பிறகு கைதட்டித் தாளம். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்தார்கள். நான்காவது தட்டில் பையனுக்கு வரி வந்துவிட்டது, கடைசி வரைக்கும் பாடினான். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு வந்தவனிடம், வேண்டாம் என்றால் வேறு யாரையாவது பாட வைக்கிறோம் என்று சொன்னேன். பாடுகிறேன் என்றான். "அந்தப் பாட்டி வருவாங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டான்.

யார் வீட்டுப் பாட்டி என்று எனக்குத் தெரியவில்லை, விசாரித்தும் பார்த்துவிட்டேன். இதைப் படிக்கிறவர்களில் யாருடைய அம்மாவோ மாமியாரோ அவர், தயவுசெய்து சனிக்கிழமை மாலை 7.30க்கு அழைத்து வாருங்கள், வண்டி இல்லையென்றால் பள்ளி அலுவலகத்தில் சொல்லுங்கள், நானே வந்து கூட்டிக்கொள்கிறேன். மூன்றாவது வரிசையில் அதே நாற்காலியை அவருக்காக எடுத்துவைத்திருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்